ஆஸ்பெஸ்டாஸ் இழப்பீடு: கட்டுமானக் கம்பெனி மேல் வழக்கு எங்கே நிற்கும், எங்கே சறுக்கும்

ஆஸ்பெஸ்டாஸ் வழக்கு என்றதும் பொருளைத் தயாரித்த ஜான்ஸ்-மான்வில், ஓவன்ஸ் கார்னிங் போன்ற கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். டெக்ஸஸ், லூசியானா கடலோரத்தில் சுத்திகரிப்பு ஆலைகளையும் ரசாயன ஆலைகளையும் கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டர்களின் கதை வேறு. அவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் தயாரிக்கவில்லை. வாங்கினார்கள், அறுத்தார்கள், பூசினார்கள், சில வருடம் கழித்து ஷட்டவுனில், அதாவது பழுதுபார்க்க ஆலையை நிறுத்தும்போது, அதையே பிய்த்துப் போட்டார்கள். நோயாளிக்கு இதில் எந்த வித்தியாசமும் இல்லை. கோர்ட்டுக்கு நிறைய இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் பிரவுன் அண்ட் ரூட். 1919ல் டெக்ஸஸில் தொடங்கிய கட்டுமானக் கம்பெனி. 1962ல் எண்ணெய்க் கிணறு சேவைக் கம்பெனியான ஹாலிபர்ட்டன் வாங்கியது. 1998ல் ஹாலிபர்ட்டன் டிரெஸ்ஸர் இண்டஸ்ட்ரீஸையும் வாங்கியபோது, அதோடு வந்த எம்.டபிள்யூ. கெல்லாக் என்ற ஆலைக் கட்டுமானக் கம்பெனியுடன் சேர்த்து கெல்லாக் பிரவுன் அண்ட் ரூட், சுருக்கமாக கேபிஆர் ஆனது. ஐந்தே வருடத்தில், 2003 டிசம்பரில், அந்த கேபிஆர் ஆஸ்பெஸ்டாஸ் காரணமாக திவால் கோர்ட்டுக்குப் போனது. பணம் தீர்ந்துபோய் அல்ல. அங்கே போனால்தான் கிடைக்கும் ஒரு பாதுகாப்புக்காகப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தூசி.

தூசி எங்கிருந்து வந்தது

நீராவிக் குழாய்க்கு லேகிங், அதாவது சூடு வெளியேறாமல் காக்கும் உறை, போடுவதுதான் பெரிய வேலை. பழைய காலத்தில் 85 சதவீத மக்னீஷியா, மீதி 15 சதவீதம் ஆஸ்பெஸ்டாஸ். பிறகு கால்சியம் சிலிக்கேட் வந்தது. கேலோ என்ற பிராண்ட் அந்த வகை. அதிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை எடுத்தது 1972ல்தான். மூன்றடி நீளப் பாதி வட்டத் துண்டுகளாக வரும். நேர்க்குழாயில் இரண்டு பாதியையும் கவிழ்த்துக் கம்பி கட்டிவிடலாம், தூசி அதிகம் வராது. எல்போ, வால்வு, ஃபிளாஞ்ச் வரும் இடத்தில்தான் கைரம்பத்தால் சாய்வாக அறுத்து ஒட்ட வேண்டும். அறுக்கும்போது முகத்துக்கு ஓரடி தள்ளித்தான் ரம்பம் ஓடும்.

அதைவிட மோசம் சிமெண்ட். இன்சுலேட்டிங் சிமெண்ட் மூட்டையில் காய்ந்த பொடியாக வரும். மூட்டையை வெட்டி வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டு, கையால் பிசைந்து, எல்போ மேல் அப்பி மெழுக வேண்டும். கொட்டும் அந்த அரை நிமிடத்தில் கிளம்பும் தூசி, குழைத்த பிறகு நாள் முழுக்க வருவதைவிட அதிகம். அதைச் செய்கிறவன் பெரும்பாலும் ஹெல்ப்பர். லேகர் பெயர் ரெக்கார்டில் இருக்கும், ஹெல்ப்பர் பெயர் பல நேரம் இருக்காது.

மூன்றாவது, ஷட்டவுன். இருபது வருடம் சூட்டில் வெந்த லேகிங் தொட்டாலே உதிரும். சுத்தியலால் தட்டி, சாரத்தின் மேலிருந்து கீழே தள்ளி, சாயங்காலம் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுவார்கள். அந்த நேரத்தில் கீழே வெல்டர், பைப் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று நான்கைந்து காண்ட்ராக்டர்களின் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். லேகிங்கைத் தொட்டே இராதவர்களுக்கும் நோய் வந்தது இப்படித்தான்.

அளவு புரிய ஒரு கணக்கு. ஒரு ஷிஃப்டில் உழைக்கிற மனிதன் இழுக்கும் காற்று சுமார் பத்து கன மீட்டர், அதாவது ஒரு கோடி கன சென்டிமீட்டர். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1971 மே மாதம் வைத்த முதல் வரம்பு ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்கு 12 ஆஸ்பெஸ்டாஸ் இழை. 1972ல் அது 5, 1976ல் 2, 1986ல் 0.2, 1994ல் 0.1. ஐந்து இழை என்பது அன்று சட்டப்படி சரியான காற்று. அதில் ஒரு ஷிஃப்டுக்கு ஐந்து கோடி இழை உள்ளே போகும். இன்றைய வரம்பில்கூடப் பத்து லட்சம். வரம்புக்குள் வேலை செய்தோம் என்று கம்பெனி சொன்னால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. எந்த வருடத்து வரம்பு என்பதுதான் கேள்வி.

சொந்த முதலாளி மேல் ஏன் முடியாது

அமெரிக்காவில் சொந்த முதலாளியின் மேல் நேரடி வழக்கு கிட்டத்தட்ட மூடிய கதவு. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருந்தால் அதில் வருவதுதான் வரும். கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க முடியாது. டெக்ஸஸில் ஒரு சந்து உண்டு: தொழிலாளி இறந்து, முதலாளியின் மிகக் கடுமையான அலட்சியம் நிரூபணமானால் மனைவியும் வாரிசுகளும் தண்டனை இழப்பீடு கேட்கலாம். உயிரோடு இருக்கும்போது இல்லை.

அதனால்தான் முதல் பெரிய வழக்கே தயாரிப்பாளர்கள் மேல் போனது. கிளாரன்ஸ் போரல் 1936லிருந்து 1969 வரை டெக்ஸஸ் கடலோர ஆலைகளிலும் கப்பல் தளங்களிலும் லேகிங் போட்டவர். அவருக்காக வார்டு ஸ்டீபன்சன் என்ற வக்கீல் 1969 அக்டோபரில் பதினோரு தயாரிப்பாளர்கள் மேல் வழக்குப் போட்டார். போரல் 1970ல், ஆஸ்பெஸ்டாஸால் நுரையீரல் உறையில் வரும் புற்றான மீசோதீலியோமாவில் இறந்தார். 1973ல் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் எச்சரிக்கை செய்யாததற்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு என்றது. மொத்தத் தொகை 80,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. பின்னால் வந்த லட்சக்கணக்கான வழக்குகளும் நடந்தது அவர் போட்ட பாதையில்தான்.

காண்ட்ராக்டர் மேல் வழக்குப் போடுகிறவர்கள் யார் என்றால், அவனுடைய ஆட்கள் அல்லாதவர்கள். ஆலையின் சொந்த ஆபரேட்டர்கள், பக்கத்தில் நின்ற வேறு காண்ட்ராக்டரின் ஃபிட்டர்கள், வீட்டில் வேலைத்துணி துவைத்த மனைவிமார்கள். கடைசி வகையில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் எதிரெதிராக நிற்கிறது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006ல் ஒலிவோ வழக்கில், கணவனின் துணியைத் துவைத்த மனைவிக்கும் ஆலை முதலாளி கடமைப்பட்டவர் என்றது. மறு வருடமே டெக்ஸஸில் டாலஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரிங்கர் வழக்கில், 1950களில் அந்த ஆபத்தை முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாது, ஆகவே கடமை இல்லை என்றது. துணி துவைத்த ஊர் எது, வருடம் எது என்பதைப் பொறுத்து ஒரே நோய்க்கு லட்சம் டாலரும் வரும், ஒன்றுமில்லாமலும் போகும்.

காண்ட்ராக்டர்களுக்கு மட்டும் கிடைக்கும் தற்காப்பு ஒன்று உண்டு. பொதுவாகக் காலக்கெடு நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓடும். டெக்ஸஸில் இரண்டு வருடம். ஆனால் பல மாநிலங்களில் கட்டடம் கட்டிக்கொடுத்தவர்களுக்கு வேறொரு கெடு இருக்கிறது. அது கட்டி முடித்த நாளிலிருந்து ஓடும், நோய் வந்ததா இல்லையா என்று பார்க்காது. மாசசூசெட்ஸில் ஆறு வருடம். அங்கே 2019ல் ஸ்டியர்ன்ஸ் எதிர் மெட்ரோபாலிட்டன் லைஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஆஸ்பெஸ்டாஸுக்கும் அப்படியே பொருத்தியது. 1970களில் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் நின்ற குழாய்ப் பரிசோதகர் ஒருவருக்கு 2015ல் மீசோதீலியோமா. நோய் வெளிப்படவே இருபது முதல் ஐம்பது வருடம் ஆகும். ஆறு வருடக் கெடு அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே முடிந்துவிட்டதாகக் கணக்கு. வழக்குப் போடும் முன் அந்த மாநிலத்தில் இந்தக் கெடு இருக்கிறதா, ஆஸ்பெஸ்டாஸுக்கு விலக்கு உண்டா என்று பார்க்காத வக்கீல் உங்கள் ஒரு வருடத்தை வீணடிப்பார். மீசோதீலியோமா நோயாளிகள் பலருக்கு இருப்பதே ஒன்று, ஒன்றரை வருடம்.

இன்னொரு தடை, டோஸ். டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் 2007ல் ஃபுளோரஸ் வழக்கிலும் 2014ல் போஸ்டிக் வழக்கிலும், தூசியில் இருந்தார் என்று சொன்னால் போதாது, இந்தப் பிரதிவாதியால் தோராயமாக எவ்வளவு என்று காட்ட வேண்டும் என்றது. இதற்குத் தொழில் சுகாதார நிபுணர் ஒரு கணக்குப் போடுவார். உதாரணமாக, சராசரி 5 இழை காற்றில் வருடத்துக்கு ஆறு வார ஷட்டவுன், பத்து வருடம். வேலை வருடத்தை ஐம்பது வாரம் என்று வைத்தால் 5 × 6/50 × 10, அதாவது 6 இழை-ஆண்டு. கணக்கு சுலபம். அந்த ‘ஆறு வாரம்’, ‘பத்து வருடம்’ இரண்டுக்கும் சாட்சி வேண்டும், அங்கேதான் வழக்குகள் சாய்கின்றன.

ஹாலிபர்ட்டன் எப்படி மாட்டியது

ஹாலிபர்ட்டனுக்கு வந்த மனுக்கள் மூன்று திசையிலிருந்து வந்தன. டிரெஸ்ஸரின் பழைய துணை நிறுவனமான ஹார்பிசன்-வாக்கர் செய்த உலைச் செங்கல், சிமெண்ட் வகைகள்; டிரெஸ்ஸரின் பம்ப் முதலான மற்ற கருவிகள்; பிரவுன் அண்ட் ரூட்டும் கெல்லாக்கும் கட்டிய, புதுப்பித்த சைட்டுகள். எண்ணிக்கையில் முதல் இரண்டும்தான் மலை. கட்டுமான மனுக்கள் சிறு பங்கு. ஆனால் கட்டுமானக் கம்பெனியும் சேர்ந்துதான் திவாலுக்குப் போக வேண்டியிருந்தது.

ஹார்பிசன்-வாக்கர் விஷயம் தனிப் பாடம். டிரெஸ்ஸர் அதை 1992லேயே தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. இனி வரும் வழக்குகளைப் புதுக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஒப்பந்தம். இப்படிப்பட்ட ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட இருவரையும்தான் கட்டும், நோயாளியைக் கட்டாது. 1960களில் செங்கலை விற்றபோது சொந்தக்காரன் டிரெஸ்ஸர் என்றால், நோயாளி டிரெஸ்ஸரின் கதவையே தட்டலாம். புதுக் கம்பெனி கையில் காசு இருக்கும் வரை இது வெளியே தெரியாது. ஹார்பிசன்-வாக்கர் 2002 பிப்ரவரியில் திவாலானதும் பாரம் முழுக்கத் திரும்பி வந்து ஹாலிபர்ட்டன் மடியில் விழுந்தது.

அதற்கு முன்பே, 2001 டிசம்பரில், பால்டிமோர் ஜூரி ஒன்று டிரெஸ்ஸர் மேல் 3 கோடி டாலர் தீர்ப்புச் சொன்னது. ஹாலிபர்ட்டன் அளவுக்கு அது சில்லறை. ஆனாலும் டிசம்பர் 7ம் தேதி ஒரே நாளில் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சந்தை பயந்தது அந்தத் தீர்ப்புக்காக அல்ல, வரிசையில் நின்ற லட்சக்கணக்கான மனுக்களுக்காக. இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாத கம்பெனிக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள், பெரிய கட்டுமான வேலைக்கு உத்தரவாதப் பத்திரமும் கிடைக்காது. காண்ட்ராக்டருக்கு அது மூச்சு நிற்கிற விஷயம்.

வழி 1994ல் போட்ட ஒரு சட்டப் பிரிவில் இருந்தது: திவால் சட்டம் 524-ஜி. கம்பெனி ஒரு டிரஸ்ட் அமைத்துப் பணம் போட்டால், இன்றைய மனுக்கள், நாளைக்கு வரப்போகும் மனுக்கள் இரண்டையும் அந்த டிரஸ்டுக்குத் திருப்பிவிடக் கோர்ட் நிரந்தர உத்தரவு போடும். வாக்களிக்கும் மனுதாரர்களில் 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். இன்னும் நோயே வராதவர்கள் சார்பில் பேச ஒரு பிரதிநிதி வேண்டும். ஹாலிபர்ட்டன் பேரத்தை முதலிலேயே முடித்து, வாக்கும் வாங்கிக்கொண்டு, 2003 டிசம்பர் 16ல் டிஐஐ இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் மாறிய டிரெஸ்ஸரையும் கேபிஆரையும் இன்னும் சில துணை நிறுவனங்களையும் பிட்ஸ்பர்க் திவால் கோர்ட்டில் நிறுத்தியது. தாய்க் கம்பெனி உள்ளே போகவே இல்லை. பாதுகாப்பு மட்டும் அதற்கும் கிடைத்தது. இதில் எனக்கு மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு. சட்டப்படி சுத்தமான வேலை. கேபிஆர் ஒரு நாள்கூட சைட்டை மூடவில்லை.

2005 ஜனவரியில் ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா (நுரையீரலைக் கெடுக்கும் மணல் தூசி) இரண்டுக்கும் சேர்த்து டிரஸ்டுகளுக்குப் போனது ரொக்கமாகச் சுமார் 230 கோடி டாலர், அதோடு 5.95 கோடி ஹாலிபர்ட்டன் பங்குகள். 2003 முடிவில் பங்கு விலை 26 டாலர். அந்தக் கணக்கில் பங்குகளின் மதிப்பு சுமார் 155 கோடி. 2004 முடிவில் விலை 39 டாலரைத் தாண்டி, அதே பங்குகள் 233 கோடி ஆகிவிட்டன. பங்கு விழுந்திருந்தால் அதே கையெழுத்துக்கு நோயாளிகள் குறைவாக வாங்கியிருப்பார்கள். இராக் போர் காண்ட்ராக்டுகளும் எண்ணெய் விலையும் நுரையீரல் நோயாளிகளின் பங்கைக் கூட்டிய விசித்திரம் இது.

பாலிசியில் இரண்டு பை

இந்தப் பணம் கடைசியில் யாருடையது என்றால் ஒரு பகுதி காப்பீட்டுக் கம்பெனிகளுடையது. லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸின் பழைய பாலிசிகளைப் பார்த்துக்கொண்ட ஈக்விடாஸ் மட்டும் ஹாலிபர்ட்டனுக்கு 57.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. 1950, 60, 70களின் பாலிசிகள் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவை சேதம் நடந்த காலத்தைப் பார்ப்பவை. மனு வந்த காலத்தைப் பார்ப்பவை அல்ல. இழை நுரையீரலில் இருந்த வருடங்கள் எல்லாமே சேதம் நடந்த வருடங்கள்தான் என்று 1981ல் கீன் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கட்டுமானக் கம்பெனிக்கு இதில் தனி லாபம் ஒன்று உண்டு. பொதுப் பொறுப்பு பாலிசிக்குள் இரண்டு பை. தயாரிப்பு, முடிந்த வேலை இவற்றுக்கான பைக்கு மொத்த உச்சவரம்பு இருக்கும். அந்தத் தொகை தீர்ந்தால் தீர்ந்ததுதான். நடந்துகொண்டிருக்கும் வேலைக்கான பைக்குப் பல பழைய பாலிசிகளில் அப்படி மொத்த வரம்பே கிடையாது. தயாரிப்பாளர் முதல் பையில் மாட்டிக்கொள்வார். காண்ட்ராக்டர், ‘என் ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தபோதே அந்த மனிதர் தூசி வாங்கினார்’ என்று காட்ட முடிந்தால் இரண்டாவது பை திறக்கும். பால்டிமோரின் லேகிங் காண்ட்ராக்டர் வாலஸ் அண்ட் கேல் வழக்கில் 2004ல் நான்காவது சர்க்யூட் இந்தப் பிரிவினையை ஏற்றது. வேலை நடக்கும்போதே தூசி பட்டது என்றால் உச்சவரம்பு இல்லை, முடிந்த பிறகுதான் பட்டது என்றால் உண்டு. இதனால் மனுதாரர் சைட்டில் இருந்த தேதியும் காண்ட்ராக்டர் வேலை செய்த தேதியும் ஒன்றோடொன்று படிகிறதா என்பது கோடிக்கணக்கான டாலர் கேள்வியாகிவிட்டது. சாட்சி சொல்லும்போது ‘எழுபதுகளில் எப்போதோ’ என்று சொல்வது ஏன் ஆபத்து என்று இப்போது புரியும்.

பிரவுன் அண்ட் ரூட்டின் கதை இங்கே கசப்பானது. கட்டுமான மனுக்களுக்கான முக்கியப் பாலிசிகளை எழுதியது ஹைலாண்ட்ஸ் என்ற கம்பெனி. அதுவே ஹாலிபர்ட்டனின் சொந்தத் துணை நிறுவனமாக இருந்து 1996ல் பிரிக்கப்பட்டது. பிரித்த ஒப்பந்தத்தோடு அந்தப் பாலிசிகளும் முடிந்துவிட்டன என்று ஹைலாண்ட்ஸ் வாதாடியது. டெலவேர் கோர்ட் 2001ல் அதை ஏற்றது, மறு வருடம் மேல் கோர்ட்டும் உறுதி செய்தது. துணை நிறுவனத்தைக் கழற்றிவிடும் காகிதத்தில் ஒரு பத்தி பிசகினால் பல பத்தாண்டுக் காப்பீடு போய்விடும்.

டிரஸ்டில் மனு: காகிதம்தான் எல்லாம்

அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2011ல் சொன்னபடி, இப்படி 60 டிரஸ்டுகள், மொத்தம் 3,700 கோடி டாலர் சொத்து. 1988லிருந்து 2010 வரை சுமார் 33 லட்சம் மனுக்களுக்கு 1,750 கோடி டாலர் கொடுத்திருந்தார்கள். ஒரே தொழிலாளி தகுதி இருந்தால் பத்து டிரஸ்டில்கூட மனுப் போடலாம். ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கம்பெனியின் பொருள் அல்லது சைட்டோடு தனித்தனியாகத் தொடர்பு காட்ட வேண்டும்.

தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லா டிரஸ்டுக்கும் முன்மாதிரியான மான்வில் டிரஸ்டின் 2002 அட்டவணையில் மீசோதீலியோமாவுக்கு 3,50,000 டாலர், கடுமையான ஆஸ்பெஸ்டோசிஸுக்கு (நுரையீரல் தழும்பு நோய்) 95,000, சாதாரண ஆஸ்பெஸ்டோசிஸுக்கு 25,000. இதைத் தரமாட்டார்கள். இதில் ஒரு சிறு பங்கைத்தான் தருவார்கள். ஆரம்பத்தில் முழுத்தொகை கொடுத்து டிரஸ்ட் கிட்டத்தட்ட வறண்டுபோனதால் 1995ல் பத்து சதவீதமாகவும் 2001ல் ஐந்தாகவும் குறைத்தார்கள். 2008ல் 7.5 ஆக்கி, பின்னர் 5.1க்கு இறக்கினார்கள். 5.1 சதவீதத்தில் மீசோதீலியோமாவுக்குக் கைக்கு வருவது 17,850 டாலர், சாதாரண ஆஸ்பெஸ்டோசிஸுக்கு 1,275. அதிலும் வக்கீல் பங்கு போகும். மான்வில்லில் அது 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு டிரஸ்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மருத்துவ நிபந்தனைகள் பெரும்பாலான டிரஸ்டுகளில் ஒரே அச்சு. முதல் தூசிக்கும் நோய்க்கும் இடையே குறைந்தது பத்து வருடம். கடுமையான ஆஸ்பெஸ்டோசிஸ் என்றால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) அளவுகோலில் எக்ஸ்ரே 2/1 அல்லது மேலே, அதோடு மொத்த நுரையீரல் கொள்ளளவு 65 சதவீதத்துக்குக் கீழே, அல்லது எஃப்விசி (முழு மூச்சில் ஊதி வெளியேற்றும் காற்று) 65க்குக் கீழே இருந்து எஃப்இவி1 விகிதம் (அதில் முதல் நொடியில் வெளியேறும் பங்கு) 65க்கு மேலே. இந்தக் கடைசி விகிதம் எதற்கு என்றால் சிகரெட்டால் வரும் அடைப்பு நோயை வடிகட்ட. விகிதமும் சேர்ந்து இறங்கியிருந்தால் அந்த எஃப்விசி வழி அடைபடும். பல நிலைகளுக்கு மொத்தம் ஐந்து வருட வேலைத் தூசி, அதில் இரண்டு வருடமாவது 1982 டிசம்பர் 31க்கு முன்னால் இருக்க வேண்டும். மீசோதீலியோமாவுக்கு இந்த ஐந்து வருடம் கேட்க மாட்டார்கள்.

மீசோதீலியோமாவில் சண்டை பயாப்சியில். நுரையீரல் உறையில் வேறு புற்று பரவியிருந்தாலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கால்ரெட்டினின், டபிள்யூடி1, டி2-40 சாயங்கள் பிடித்து, டிடிஎஃப்-1, கிளாடின்-4 பிடிக்காமல் இருந்தால் நோய் கிட்டத்தட்ட உறுதி. அறிக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது போதாது. திசுவைப் பதித்த பாரஃபின் கட்டி எந்த லேபில் இருக்கிறது என்று தெரிந்து, அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பத்து வருடம் தாண்டினால் லேப் அதை வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நோயை நிரூபிப்பதைவிட இடத்தை நிரூபிப்பது கடினம். முதல் காகிதம் சமூகப் பாதுகாப்புத் துறையின் சம்பள விவரம், எஸ்எஸ்ஏ-7050 படிவத்தில் கேட்பது. 1978க்கு முன் காலாண்டு வாரியாக முதலாளி பெயர் வரும். இதில் ‘பிரவுன் அண்ட் ரூட்’ என்று வந்தால் அவர் அங்கே சம்பளம் வாங்கினார் என்று அர்த்தம், எந்த ஆலையில் நின்றார் என்று வராது. கட்டுமானத் தொழிலாளிக்கு ஒரே காலாண்டில் மூன்று ஊர் இருக்கும். அதை நிரப்புவது யூனியன் ஹாலில் ஆள் அனுப்பிய பதிவேடு, ஆலை கேட் பாஸ், வேறு மாநிலத்தில் கட்டிய வருமான வரி, கூட வேலை செய்தவரின் பிரமாண வாக்குமூலம். கூட வேலை செய்தவரும் எண்பது வயதைத் தொட்டிருப்பார். அவர் வாக்குமூலத்தை முதல் மாதத்திலேயே வாங்கிவிட வேண்டும், நோயாளியுடையதை வீடியோவிலும்.

இந்தியாவில் இந்தக் காகிதத்துக்கு ஒரு பிடி உண்டு, பலருக்குத் தெரியாது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானால் ஒரு லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. அன்றைய ஒரு லட்சம்.

வாக்குமூலத்தில் அடிக்கடி பிசகுவது பெயர். ஹெல்மெட்டில் பெரிய காண்ட்ராக்டரின் பெயர் இருந்தது என்று சொல்வார்கள். லேகிங் போட்டது அவனிடம் சப்-காண்ட்ராக்ட் எடுத்தவனாக இருப்பான். இரண்டாவது பிசகு, ஒரு டிரஸ்டில் சொன்னதை இன்னொரு இடத்தில் மறைப்பது. கார்லாக் கேஸ்கெட் கம்பெனியின் வழக்கில் 2014ல் சார்லட் திவால் நீதிபதி ஹாட்ஜஸ், வக்கீல்கள் டிரஸ்டுகளில் ஒரு தூசியும் கோர்ட்டில் வேறு தூசியும் காட்டியதைப் பார்த்தார். மனுதாரர் தரப்பு 100 கோடிக்கு மேல் கேட்ட பொறுப்பை 12.5 கோடி டாலர் என்று முடிவு செய்தார். மறு வருடம் டெக்ஸஸ், விசாரணைக்கு முன்பே டிரஸ்ட் மனுக்களை எல்லாம் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டமே இயற்றியது.

மூன்றாவது, முகாம் போட்டு வேனில் எடுத்த எக்ஸ்ரே. 2005ல் டெக்ஸஸின் கார்பஸ் கிறிஸ்டியில் நீதிபதி ஜானிஸ் ஜாக் சுமார் 10,000 சிலிக்கா மனுக்களைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு கைப்பிடி டாக்டர்களே அத்தனைக்கும் எழுதியிருந்தார்கள். அதே ஆட்களில் பலர் முன்பு ஆஸ்பெஸ்டோசிஸ் என்றும் மனுப் போட்டிருந்தார்கள். அந்த டாக்டர்களின் அறிக்கையை அதன்பின் பல டிரஸ்டுகள் தொடுவதே இல்லை. உண்மையாகவே மூச்சு வாங்கிய ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்கள் வேறு டாக்டரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மனுவில் இரண்டு வரிசை இருக்கும். விரைவு வரிசையில் அட்டவணைத் தொகை, பேரம் இல்லை. தனி ஆய்வு வரிசையில் வயது, குடும்பம், மருத்துவச் செலவு பார்த்துக் கூடவும் தரலாம், குறைத்தும் தரலாம். ஐம்பது வயதில் மீசோதீலியோமா வந்தவருக்குத் தனி ஆய்வு லாபம். எண்பதில் நோய் வந்தவர் அதில் போனால் மாதங்கள்தான் போகும். நோயாளி மோசமான நிலையில் இருந்தால் வரிசையை முந்த விண்ணப்பிக்கலாம், அதற்கு டாக்டரின் எழுத்துச் சான்று வேண்டும்.

கடைசியாக, காசோலை வந்ததும் செலவழிக்காதீர்கள். உடல் நோய்க்கான இழப்பீட்டுக்கு அமெரிக்க மத்திய வருமான வரி பொதுவாகக் கிடையாது. தண்டனை இழப்பீட்டுக்கும் வட்டிக்கும் உண்டு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், தான் செலவழித்த சிகிச்சைத் தொகையை இதிலிருந்து திரும்பக் கேட்கும். ஒரு தேதி மட்டும் நினைவில் இருக்கட்டும்: 1980 டிசம்பர் 5. தூசி பட்டது முழுக்க அதற்கு முன் முடிந்துவிட்டிருந்தால் மெடிகேர் உரிமை கோராது. 1981ல் இரண்டு வார ஷட்டவுன் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு மனுப் போட்டால் இந்த விலக்கு போய்விடும். அந்த இரண்டு வாரம் நடந்திருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். நடந்ததா என்று சம்பள விவரத்தை வைத்துச் சரிபார்க்காமல் வக்கீல் குமாஸ்தா ‘1965 முதல் 1985 வரை’ என்று வழக்கம்போல அடித்துவிடுவதைத்தான் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும்.